டாக்டர் குற்றாலிங்கத்தின் தலைமுடி

மூன்று வருஷத்துக்கு முந்தைய பங்குனி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், டாக்டர் குற்றாலிங்கத்தின் வழுக்கைத் தலையில் ஏழு பேருடைய முடி முளைத்திருந்தது. ஏழு பேருடையது என்று எப்படிச் சொல்கிறாய் என்று மல்லுக்கு வராதீர்கள், கண் இருக்கிற யார் பார்த்தாலும் தெரியும்: உச்சியில் ஒரு கொத்து சுருட்டை, அதை ஒட்டி ஒரு கொத்து செம்பட்டை, நெற்றிக்கு மேலே வெள்ளைவெளேரென்று நரைத்தது, இடது காதோரம் எண்ணெய் மினுங்கும் நீளக் கறுப்பு, இப்படி வயலில் பாத்தி பிரித்த மாதிரி ஏழு வகை. டாக்டர் குளித்தார், ஏழையும் துவட்டினார், நாலு இட்லி சாப்பிட்டார், ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். செவ்வாய்க்கிழமை வெளிநோயாளி நாள், மூன்று மாவட்டத்துக் கூட்டமும் வந்து நிற்கும், அதைத் தவிர அவர் வேறெதையும் நினைக்கவில்லை, நினைக்கத் தெம்பும் இல்லை.

வார்டு வாசலில் நின்ற சிஸ்டர் எஸ்தர் கமலம் அவர் தலையை ஒரு சுற்று பார்த்தாள்.

"சார், அந்தச் சுருட்டை ஒம்பதாம் கட்டில் பால்காரருது. நேத்துதான் தலகாணி பூரா கொட்டிக் கெடந்துச்சு. நரைச்சது நாலாம் கட்டில் வாத்தியாரு."

"மருந்து வந்துட்டா?" என்று கேட்டார் டாக்டர்.

"வந்துட்டு சார்" என்றாள் சிஸ்டர். அவ்வளவுதான், இரண்டு பேரும் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

குற்றாலிங்கம் லேசுப்பட்ட ஆள் இல்லை. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் மெட்ராசில் படிப்பை முடித்துக்கொண்டு ஆற்றங்கரையில் இருக்கிற இந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, தெற்குச் சீமையிலேயே அந்த நோய்க்கு மருந்து ஊசி போடத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். நரம்பு கிடைக்காத கையில் நரம்பு கண்டுபிடிப்பார், ஞாயிற்றுக்கிழமையும் வந்து கட்டில் கட்டிலாக நின்று வாந்தி நின்றதா, சோறு இறங்கியதா என்று கேட்பார், மனைவி காந்திமதி இதே வார்டு வழியாகப் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆயிற்று, அதற்குப் பிறகு வீட்டுக்குப் போக அவசரம் என்பதும் அவருக்கு இல்லாமல் போயிற்று. எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தார், அதைவிட அதிகம் பேரைப் பிழைக்க வைக்க முடியாமல் அனுப்பினார், அந்தக் கணக்கை அவர் போட்டதில்லை, அவருடைய முதுகுதான் போட்டுக்கொண்டிருந்தது.

ஒன்றே ஒன்றை மட்டும் அவர் செய்ததில்லை. நோயாளியிடம் நோயின் பெயரைச் சொன்னதில்லை. அந்த ஊரில் யாருமே சொல்வதில்லை. பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டர் நோயாளியைப் பார்த்து, "எடை பாத்துட்டு வாங்க" என்பார். எடை மெஷின் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் இருந்தது. நோயாளி செருப்பை மாட்டிக்கொண்டு மெதுவாகப் போய் ஏறி இறங்கி வருவதற்குள், கூட வந்த புருஷனிடமோ மகனிடமோ அண்ணனிடமோ விஷயம் சொல்லப்பட்டுவிடும், அவர்கள் அழுது முகத்தைத் துடைத்துக்கொண்டும் விடுவார்கள், "அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம் சார்" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள், டாக்டர் தலையை ஆட்டுவார். திரும்பி வருகிற நோயாளியிடம், "புண்ணுதான். ஊசி போட்டா ஆறிரும்" என்று சொல்வார். அந்த மெஷினின் முள் ஓடாமல் போய் இரண்டு வருஷம் ஆயிற்று. ஊசிக்கு அளவு பார்க்க வேறு மெஷின் உள்ளே இருந்தது. ஆனாலும் எல்லோரையும் தாழ்வாரத்து மெஷினுக்கே அனுப்பினார்கள், யாரும் அதை ரிப்பேர் செய்யச் சொல்லவும் இல்லை.

சரி, முடிக்கு வருவோம். ஏழு பேர் பதினைந்து ஆனார்கள், பதினைந்து இருபதானது, ஊசி போட்டு யாருக்கு முடி கொட்டினாலும் மறுநாள் காலை அது டாக்டர் தலையில் வேர் பிடித்து நின்றது. தலையில் இடம் எப்படிப் போதியது என்று கேட்காதீர்கள், போதியது. ஊசி முடிந்து, பிழைத்து, சொந்த முடி மூன்று விரல் வளர்ந்தவர்களின் கொத்து டாக்டர் தலையிலிருந்து தானாக உதிர்ந்து குளியலறைத் தரையில் கிடக்கும். பால்காரரின் சுருட்டை அப்படித்தான் ஆவணியில் உதிர்ந்தது. செத்துப்போனவர்களின் முடி உதிரவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே கடை வைத்திருந்த நாவிதர் இசக்கிமுத்து எத்தனையோ தடவை ஒட்ட வெட்டிப் பார்த்தார். வெட்டினதெல்லாம் விடிவதற்குள் இருந்த நீளத்துக்கு வந்து நின்றது.

ஊர் இதற்கு ஒரு மாதம்தான் எடுத்துக்கொண்டது. முதல் வாரம் ஜனங்கள் வந்து பார்த்தார்கள், இரண்டாம் வாரம் பூக்காரி வேலம்மா தினமும் ஒரு முழம் கனகாம்பரம் கொண்டுவந்து டாக்டர் வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் சொருகிவிட்டுப் போனாள், மூன்றாம் வாரம் மேலிடத்திலிருந்து, அலுவலக நேரத்தில் முடியை முறையாகக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது, சிஸ்டர் எஸ்தர் காலை எட்டு மணிக்கு டாக்டரை ஸ்டூலில் உட்கார வைத்து ஆறு சடை பின்னிக் கொண்டையாக முடிந்துவிட ஆரம்பித்தாள். செத்தவர்களின் வீட்டார் திதி நாளில் ஒரு கிண்ணத்தில் எண்ணெயோடு வந்து, தங்கள் வீட்டு முடியைக் கண்டுபிடித்து, தடவி, சீவிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு போனார்கள், டாக்டர் அந்தப் பத்து நிமிஷமும் தலையைக் குனிந்தபடியே அடுத்த நோயாளியின் காகிதத்தைப் படித்தார். நோயாளிகளிடம் என்ன சொல்வது? அதற்கும் ஜனங்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள், நம் ஜனங்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? டாக்டர் தலையில் உன் முடி முளைத்துவிட்டால் உன் நோவு டாக்டருக்குப் போய்விட்டது என்று அர்த்தம் என்று கட்டில் கட்டிலாகச் சொல்லி வைத்தார்கள். மொட்டைத்தலையில் துண்டு கட்டிய பெண்கள் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது எட்டிப் பார்த்து, "அந்தா, என் முடி" என்று சந்தோஷப்பட்டார்கள். டாக்டர் மறுத்துச் சொல்லவில்லை. அவருக்கு அலுப்பாக இருந்தது. தலையில் முப்பத்தேழு பேர் சேர்ந்த பிறகு கழுத்துக்குப் பட்டை போட்டுக்கொண்டார், மல்லாந்து படுக்க முடியாமல் நாற்காலியில் சாய்ந்தே தூங்கினார், ஓய்வு பெறப் பத்து மாதம் இருந்தது.

அந்த நேரத்தில்தான் சண்முகவடிவு வந்தாள். பீடி சுற்றுகிறவள், நாற்பத்தாறு வயது, ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் பீடி இலையும் கத்திரியும் இருக்கிற பை, கூட மினிபஸ் கண்டக்டரான புருஷன் ஆவுடையப்பன். வயிறு வீங்கியிருந்தது. சினைப்பையில் வந்து வயிறு முழுக்கப் பரவியிருந்தது. அவளையும் எடை பார்க்க அனுப்பினார்கள். ஆவுடையப்பன் டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களைவிட ஒரு வார்த்தை கூடவே சொன்னான்.

"சார், தையில மக கோமதிக்குக் கல்யாணம். மாப்பிள வீட்டுக்கு வயித்துப்புண்ணுன்னுதான் சொல்லியிருக்கேன். இந்த நோவுன்னு தெரிஞ்சா, நாளைக்கு மகளுக்கும் வரும்னு சம்பந்தத்த முறிச்சிருவாவ. இவளுக்குத் தெரிஞ்சாலோ அழுதே காட்டிக் குடுத்துருவா."

டாக்டர் தலையை ஆட்டினார். ஆட்டினபோது கழுத்து சுளீரென்றது.

சண்முகவடிவுக்கு இடுப்பைத் தாண்டின முடி, காதுக்கு மேலே பிறவியிலேயே விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கீற்று. வைகாசியில் அது கொட்டி டாக்டரின் வலது நெற்றிப்பொட்டில் வந்து நின்றது, வெள்ளைக் கீற்றும் கூடவே. அவள் அடுத்த கட்டில் ஆயிசா பீவியிடம், "நல்ல எடமாத்தான் பிடிச்சிருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். ஆயிசாவின் மருதாணி முடி ஏற்கெனவே அங்கே இருந்தது. இரண்டு பேரும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பக்கத்துப் பக்கத்தில் படுத்து ஊசி போட்டுக்கொண்டார்கள், ஊசி ஏறாத நேரத்தில் சண்முகவடிவு பீடி சுற்ற, ஆயிசா நூல் கட்டிக் கொடுத்தாள். ஆடியில் ஆயிசா கட்டில் காலியானது.

ஆவணி கடைசிச் செவ்வாய்க்கிழமை. சண்முகவடிவின் ஸ்கேன் முடிவு டாக்டர் மேஜையில் இருந்தது, மருந்து கேட்கவில்லை, வயிற்றில் தண்ணீர் மறுபடி கோத்திருந்தது, ஈரலிலும் இருந்தது. கூட்டம் வாசல் தாண்டி நின்றது. டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, வாய் தானாகச் சொன்னது:

"சண்முகவடிவு, எடை பாத்துட்டு வாங்க."

அவள் எழுந்திருக்கவில்லை. "முள்ளு ஓடாத மிசினுல என்னத்த எடை பாக்க?"

"ஏட்டி, சார் சொல்லுதாவள்லா? போயிட்டு வா" என்றான் ஆவுடையப்பன்.

"நீங்க போயி பாத்துட்டு வாங்க."

"நானா?"

"ஆமா, நீங்கதான். எத்தன மாசமா நான் ஏறி எறங்குதேன், ஒரு நா நீங்க ஏறுங்க."

அவன் டாக்டரைப் பார்த்தான், சிஸ்டரைப் பார்த்தான், பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான், பிறகு என்ன செய்கிறோம் என்று தெரியாமலே செருப்பை மாட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்து போனான். இருபத்தேழு வருஷத்தில் நோயாளி உள்ளேயும் உறவுக்காரர் வெளியேயும் இருந்தது அன்றைக்குத்தான்.

"சார்" என்றாள் சண்முகவடிவு. "ஆயிசா அக்கா மௌத்தாயி நாப்பது நாளாச்சு. அவ முடி இன்னும் உங்க தலையில செவசெவன்னு இருக்கு. நோவு உங்ககிட்ட வந்துட்டுன்னா, அவ எதுக்குச் செத்தா?"

டாக்டர் வாயைத் திறந்தார். புண்ணுதான், ஊசி போட்டா ஆறிரும் என்கிற வாக்கியம் எத்தனையோ ஆயிரம் தடவை சொன்னது, தயாராக நாக்கில் வந்து நின்றது. அதைச் சொல்வதற்குத் தலையை நிமிர்த்த வேண்டும். அத்தனை பேருடைய முடியும் கொண்டை அவிழ்ந்து முன்னால் சரிந்தது, அவரால் நிமிர்த்த முடியவில்லை. டாக்டர் மனசு மாறிவிட்டார், தைரியம் வந்துவிட்டது என்று நான் உங்களிடம் கதை விடப் போவதில்லை. மனுஷன் அலுத்துப் போயிருந்தார். உண்மையைச் சொல்ல அவ்வளவு தெம்பு தேவைப்படாது என்பதால் சொல்லிவிட்டார்.

"கேன்சர்மா. சினைப்பையில. மருந்து கேக்கல."

வெளியே யாரோ யாரையோ டோக்கன் கேட்டுச் சண்டை போடுகிற சத்தம் வந்தது.

"தை வரைக்கும் இருப்பேனா?"

"இருக்க மாட்டிய. கார்த்திக தாண்டறதே செரமம்."

அவள் பெருவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு மாதங்களை எண்ணினாள். இரண்டு தடவை எண்ணினாள். உதடு கோணியது, சமாளித்துக்கொண்டாள்.

"நாலு மாசமா இந்த மனுசன் வீட்டுக்குள்ள என் மூஞ்சியப் பாக்காமலே அலையுதாரு. எவளோ ஒருத்தியச் சேத்துக்கிட்டாருன்னுல்லா நெனச்சேன். பாவி மனுசன், இதுக்குத்தானா?" என்று சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிஸ்டர் எஸ்தர் கதவைச் சாத்தினாள், டாக்டர் மேஜைக்கு இந்தப் பக்கம் தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

அழுது முடித்ததும் அவள் எழுந்து வந்து டாக்டரின் வலது பொட்டில் வெள்ளைக் கீற்றைத் தேடிப் பிடித்தாள். பையிலிருந்து பீடி இலை வெட்டுகிற கத்திரியை எடுத்தாள்.

"வெட்டினாலும் வளந்துரும்மா" என்றார் டாக்டர்.

"அது இசக்கிமுத்து வெட்டுனா வளரும். இது என் முடி. கோமதிக்கு எலிவால் கணக்கா இம்புட்டுதான் முடி. கல்யாணச் சடைக்குச் சவுரி வேணும். வலிக்குதா?"

"இல்ல."

வெட்டி, முறுக்கி, ரப்பர் பேண்டு போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். அப்போது ஆவுடையப்பன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். "முள்ளு நாப்பதுலயே நிக்கு" என்றவன் அவள் மடியைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான், அப்படியே கதவோரம் உட்கார்ந்து பெருங்குரலெடுத்து அழுதான். அவள்தான் போய் அவன் முகத்தைத் துடைத்தாள். "அழாதீங்க, வெளிய ஆளு நிக்கி. எந்திரிங்க, சோலி கெடக்கு" என்று கையைப் பிடித்துத் தூக்கினாள்.

மறுநாள் காலை டாக்டரின் வலது பொட்டில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை அப்படியே இருந்தது. அதற்கு அடுத்த நாளும் இருந்தது. இசக்கிமுத்து கடையைச் சாத்திவிட்டு வந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்து, "என் கத்திரியில கொறை இல்ல, அது எனக்குப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சண்முகவடிவு அந்த வாரமே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், சம்பந்தியம்மாளைத் தனியே கூப்பிட்டு, நோயின் பெயரைச் சொல்லி, கல்யாணத்தை ஐப்பசியில் வைக்க முடியுமா, முடியாதா என்று ஒரே கேள்வியாகக் கேட்டாள். அந்தம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "எங்க அக்கா முடியும் அந்த டாக்டர் தலையிலதான் இருக்கு மைனி, நாங்க மஞ்சக்காமாலைன்னு சொல்லி எரிச்சோம்" என்றாள். ஐப்பசி பதினெட்டாம் தேதி கல்யாணம். தாயார் தன் கையால் தன் முடியை வைத்து மகளுக்குச் சடை பின்னினாள், பின்னி முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று, நடுவில் மூன்று தடவை படுத்து எழுந்தாள். வெள்ளைக் கீற்று சடையின் நடுவில் ஓடியது, அதை மறைக்க வேண்டாம் என்று கோமதி சொல்லிவிட்டாள். கார்த்திகை ஒன்பதாம் தேதி சண்முகவடிவு இறந்தாள்.

அதற்குப் பிறகு டாக்டர் குற்றாலிங்கம் ஒரே ஒரு விஷயத்தை மாற்றினார். "எடை பாத்துட்டு வாங்க" என்று சொல்வதை நிறுத்தி, "எடை பாக்கப் போறியளா, இங்கயே இருக்கியளா?" என்று கேட்க ஆரம்பித்தார். ஒரு மாதத்துக்குள் மூன்று மாவட்டத்துக்கும் அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரிந்துவிட்டது. சில பேர் எழுந்து போய் முள் ஓடாத மெஷினில் நிம்மதியாக ஏறி நின்றார்கள், அவர்களிடம் அவர் எதுவும் சொல்லவில்லை, அவர்கள் முடியை அவரே சுமந்தார். பல பேர் அங்கேயே இருந்தார்கள், கேட்டார்கள், அழுதார்கள், தங்கள் முடியைத் தாங்களே வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள், ஒருத்தர் அதை மலைக்கோவிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுபோனார், ஒருத்தி ஆற்றில் விட்டாள். வீட்டார் டாக்டரைக் காறித் துப்பாத குறைதான். ஒரு மகன் மேஜையைத் தட்டி, "எங்கம்மாவக் கொன்னுட்டியே" என்று கத்தினான், சிஸ்டர் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். வேலை குறையவில்லை, சொல்லத்தான் கூடுதலாக நேரம் எடுத்தது.

மாசி முடிவதற்குள் தலை பாதி காலியாயிற்று. மீதி இருந்ததெல்லாம் சொல்லப்படாமலே செத்தவர்களுடையது, அதை வெட்டிக்கொள்ள வர யாரும் இல்லை. ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் இசக்கிமுத்து அவர் கழுத்துப் பட்டையைக் கழற்றி, வெள்ளைத் துணியைப் போர்த்தி, கொத்துக் கொத்தாகப் பிரித்துச் சீவிக்கொண்டிருந்தார். சிஸ்டர் எழுதிக் கொடுத்த பட்டியல் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. இருபத்திரண்டு பேர்.

"டாக்டரய்யா" என்றார் இசக்கிமுத்து. "இருபத்திமூணு வருது."

"சரியா எண்ணு."

"எண்ணிட்டேன். பிடரியில இருக்கதைக் கழிச்சாத்தான் கணக்கு சரியா வருது. இது உங்க முடின்னுல்லா நெனச்சு பதினோரு வருசமா வெட்டிக்கிட்டிருக்கேன்! ரெண்டு விரலுக்கு மேல வளராது, வெட்டுனாலும் கொறையாது. இப்பத்தான் பாக்கேன், இது பொம்பள முடி அய்யா. மெல்லிசு. செம்பருத்தி எண்ண வாசம் அடிக்கி."

டாக்டர் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டார். அதற்குப் பிறகு அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காந்திமதியின் பரிசோதனை முடிவு வந்த அன்றைக்கு நண்பரான இன்னொரு டாக்டர் காகிதத்தோடு அறைக்குள் வந்தார், காந்திமதி எதிர் நாற்காலியில் டிபன் பாக்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "காந்தி, எடை பாத்துட்டு வா" என்றார் குற்றாலிங்கம். டாக்டர் பெண்டாட்டி, அந்த வாக்கியம் அவளுக்குத் தெரியாதா? ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். அப்போது முள் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, "அம்பத்தாறு" என்றாள், சொல்லிவிட்டு உட்காராமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அம்பத்தாறு என்று காகிதத்தில் எழுதினார். "அல்சர்தான்" என்றார். ஏழு மாதம் அவள் அல்சருக்கான பத்தியச் சாப்பாடு சாப்பிட்டாள், ஒரு நாளும் எதையும் கேட்கவில்லை, அவர் சொன்ன பொய்யை அவருக்காக அவளே பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார், போர்த்தின துணிக்கு மேலே மற்றவர்களின் முடியோடு இருந்த தன் தலையைப் பார்த்தார். இசக்கிமுத்து சீப்பை இறக்கினார்.

"காந்தி" என்றார் டாக்டர், கடையில் வேறு யாரும் இல்லாததுபோல. "அல்சர் இல்ல. கேன்சர். எனக்கு மொத நாளே தெரியும்."

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். ரோட்டில் ஒரு பஸ் நின்று ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று. இசக்கிமுத்து குனிந்து பிடரியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். ஒரு மயிரும் உதிரவில்லை.

"வெட்டிப் பாக்கட்டா அய்யா?"

"வேண்டாம் இசக்கி" என்றார் டாக்டர். "எண்ணெய் போட்டுச் சீவி விடு."